அஞ்சாவது கம்பி

அந்த வீட்டுல எனக்கு யாரையும் புடிக்காது. முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் இந்த ஆள் ஏன் இப்படி எரிஞ்சு விழறான்னு யாரும் கேக்கக் கூடாது. கீழ மோட்டார் காயில் கட்டுற கடை என்னோடது. மேல அவங்க வீடு. பதினாலு வருஷமா அங்க வாடகைக்கு இருக்கேன், ஒரு நாள்கூட மாடியேறி ஒரு வாய் டீ குடிச்சதில்ல. கூப்பிட்டாத்தானே குடிக்க.

மேல மூணு பேரு. பெரியவ டிரைவிங் ஸ்கூல்ல கார் ஓட்டக் கத்துக்குடுக்கறவ. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பக்கத்து சீட்டுல உக்காந்து "பிரேக், பிரேக்"னு கத்தற வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் குரல் இறங்காது. அவ தங்கச்சி சின்னவ, கண்ணாடிக் கடையில அளவு பாத்துக் கண்ணாடி அறுக்கறா. பத்து விரல்ல எப்பவும் ரெண்டுல பிளாஸ்திரி இருக்கும். மூணாவது, பெரியவளைக் கட்டிக்கிட்டு ஒரு பையும் ஒரு கிட்டாருமா மாடியேறி வந்த மாப்பிள்ளை. லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். வீட்டோட மாப்பிள்ளைன்னா கொஞ்சம் அடங்கி இருப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். இவன் வந்த மறுநாளே என் கடை போர்டு மாடிப்படியை மறைக்குதுன்னு சண்டைக்கு வந்தவன்.

மூணு பேரும் சேர்ந்து ஒரு பேண்ட் வச்சிருந்தாங்க. மெட்டல்னு சொல்லுவாங்க. பெரியவ டிரம்ஸ், மாப்பிள்ளை கிட்டாரும் பாட்டும், சின்னவ பேஸ் கிட்டார். பாட்டுன்னா நாம நினைக்கிற பாட்டு இல்ல. மரத்துப் போற ஊசி போடாம பல்லைப் புடுங்கினா ஒருத்தன் எப்படிக் கத்துவானோ அப்படி. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு ஆரம்பிச்சா ஒரு மணிக்குத்தான் ஓயும். என் மேசை மேல இருக்கற வார்னிஷ் டப்பாவுல வட்டம் வட்டமா அலை வரும். நான் ஞாயித்துக்கிழமையும் கடை திறக்கறவன், அதுவும் மழை மாசத்துல கண்டிப்பா. தண்ணி புகுந்து பம்பு மோட்டார் எரிஞ்சாத்தான் எனக்குச் சோறு. ஆனா அதே மழையில, கட்டின காயிலுக்குப் பூசுன வார்னிஷ் காஞ்சு தொலையாது. ஹீட்டர் போட்டு உக்காந்திருப்பேன். மேல இடி, வெளிய மழை, நடுவுல நான்.

அப்படி ஒரு ஞாயித்துக்கிழமை, பன்னெண்டு மணி இருக்கும், பாட்டு பாதியில நின்னு சண்டை ஆரம்பிச்சுது. மாடிக் கதவு திறந்திருந்ததால எல்லாம் கேட்டுச்சு.

"கேக்குதா? லொட லொடன்னு தட்டுது. இதுக்குப் பேரு பேஸா?" மாப்பிள்ளை குரல்.

"நீங்க பாட்டோட சுருதியைக் கீழ இறக்கிக்கிட்டே போனா நான் என்ன பண்றது அத்தான்? இது நாலு கம்பி. இன்னும் தளர்த்தினா கொடிக்கயிறு மாதிரிதான் தொங்கும்."

"அதான் சொல்றேன், அஞ்சு கம்பி வேணும்னு."

"புதுசு வாங்க நான் எங்க போக?"

"பழசு பாரு. ரெண்டு வாரம் டைம். மேடைக்கு ஒரு மாசம்தான் இருக்கு. அதுக்குள்ள நீ வாங்கலன்னா என் சித்தப்பா பையன் வாங்கிட்டு வந்து வாசிப்பான். நீ கீழ நின்னு கை தட்டு."

"அக்கா, நீ ஒன்னும் சொல்ல மாட்டியா?"

"கேட்டதை வாங்கிட்டு வாடி. வாயை வளக்காத." அது பெரியவ.

எனக்கே சுருக்குன்னுச்சு. நாலு வருஷமா வாசிக்கிறா சின்னவ. இவங்களை ஒருத்தரும் மேடைக்குக் கூப்பிட்டதில்ல. இப்பதான் முதல் தடவையா, ஒரு பழைய குடோன்ல ஆறு பேண்ட் வாசிக்கிற நிகழ்ச்சியில, நாலாவதா இவங்க பேரைப் போட்டிருந்தாங்க. அந்த நோட்டீஸை மடிச்சு பர்ஸுல வச்சுக்கிட்டு, கண்ணாடி அளக்க வந்தவங்ககிட்ட எல்லாம் காட்டிக்கிட்டு இருந்தா. என்கிட்டயும் காட்டினா. "காதுல பஞ்சு வச்சுக்கிட்டு வரேன்"னு சொன்னேன். அதுக்கும் சந்தோஷப்பட்ட பொண்ணு.

அன்னைக்குச் சாயங்காலம் கடைக்கு வந்து நின்னா.

"அண்ணா, உங்க மீட்டரை எடுத்துக்கிட்டு என்கூட ஒரு நாள் வருவீங்களா?"

"எதுக்கு?"

"பழைய பேஸ் பாக்கப் போறேன். மரம், கழுத்து, கம்பியை முறுக்கற சாவி எல்லாம் நானே பாத்துக்குவேன். உள்ள பிக்கப்னு ஒன்னு இருக்கு. கம்பி அதிர்றதைப் புடிச்சு, சத்தத்தைக் கூட்டற ஆம்புக்கு அனுப்பறது. காந்தத்து மேல சுத்துன செப்புக்கம்பி. அது நல்லா இருக்கா இல்லையான்னு எனக்குச் சொல்லத் தெரியாது."

"காந்தத்து மேல கம்பி சுத்துனா அது காயில். காயில் என் பொழப்பு."

"அதான் உங்ககிட்ட வந்தேன்."

"நீ அஞ்சு கம்பி வாங்குனா எனக்கு இன்னும் சத்தம் ஜாஸ்தியாகுமே?"

"சத்தம் இல்லண்ணா. இன்னும் கீழ போகும், அவ்வளவுதான்."

"கீழன்னா என் தலையிலதானே?"

அவ சிரிக்கல. முகம் செத்துப் போயிருந்துச்சு. சரி, தொலையறேன்னு ஒத்துக்கிட்டேன். இரக்கம்னு நினைச்சுக்காதீங்க. காயில்னு ஒருத்தர் என்னைத் தேடி வந்தா என்னால முடியாதுன்னு சொல்ல வராது. அது என் வியாதி.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் என் மூணு சக்கர லோடு வண்டியில கிளம்பினோம். நான் ஸ்டார்ட் பண்ற நேரத்துல மாப்பிள்ளை ஓடி வந்து என் பக்கத்துல ஏறிக்கிட்டான். "என்னைக் கேக்காம எதையாவது தலையில கட்டிக்கிட்டு வந்துடுவா"ன்னான். அங்க உக்காந்திருந்த சின்னவ இறங்கி, பின்னால எரிஞ்ச மோட்டார்களுக்கு நடுவுல தார்ப்பாயைப் போத்திக்கிட்டு உக்காந்தா. மழை தூறிக்கிட்டுதான் இருந்துச்சு.

முதல்ல ஒரு கல்யாண மண்டபத்து வாத்தியக்காரர் வீடு. பளபளன்னு சிவப்பு பேஸ். சின்னவ அதை எடுத்து, துப்பாக்கியில குறி பாக்கறாப்ல, அடியில இருந்து கழுத்து வழியா ஒரு கண்ணால பாத்தா. "கழுத்து முறுக்கிக்கிச்சுண்ணா, கதவுப் பலகை மழையில முறுக்கிக்கிற மாதிரி. நிமித்த முடியாது." கீழ வச்சுட்டா.

"எனக்கொன்னும் தெரியலயே. நேராத்தானே இருக்கு. எடுத்துக்கோ"ன்னான் மாப்பிள்ளை.

"உங்களுக்குத் தெரியலன்னா கண்ணை டெஸ்ட் பண்ணுங்க அத்தான்."

ரெண்டாவது, பழைய சாமான் விக்கிற கடை. அங்க இருந்தது நாலு கம்பியாப் பொறந்து அஞ்சு கம்பியா ஆக்கினது. தலையில ஓட்டை போட்டு அஞ்சாவது சாவியைச் சொருகியிருந்தான் எவனோ. அஞ்சு கம்பியும் கிச்சன் கம்பி வலை மாதிரி நெருக்கிக்கிட்டு நின்னுச்சு. நடுவுல விரலை விட முடியல. அதையும் மாப்பிள்ளை "பரவால்ல, பழகிக்கலாம்"னான். கெட்டதைப் பாத்தா அவனுக்குப் புடிக்குது, என்ன ஆசையோன்னு நினைச்சேன். அதுக்கு மேல யோசிக்கல. மடையன் நான்.

மூணாவதுதான் அந்தத் தையல் டீச்சர் வீடு. ஹால்ல மூணு மெஷின், சுவர்ல பேப்பர் அளவெல்லாம் குத்தி வச்சிருந்துச்சு. பீரோவுக்குப் பின்னால இருந்து, போர்வை சுத்துன ஒரு கருப்பு பேஸை இழுத்துட்டு வந்து எங்க முன்னாடி வச்சாங்க.

"இதோட சொந்தக்காரன் ரெண்டு வருஷம் முன்னாடி கிளம்பிப் போயிட்டான். இதை மட்டும் என் தலையில கட்டிட்டுப் போனான். இதுவும் அவனை மாதிரிதான். இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கும், ஒரு வேலையும் செய்யாது. சீக்கிரம் பாருங்க, நாலு மணிக்குப் புள்ளைங்க வந்துடும்."

சின்னவ குறி பாத்தா. முதல் கட்டையிலயும் கடைசிக் கட்டையிலயும் கம்பியை அழுத்தி, நடுவுல கம்பிக்கும் கழுத்துக்கும் இருக்கற இடைவெளியைப் பாத்தா. ஒரு பேப்பர் நுழையற இடம். சாவி அஞ்சையும் திருகிப் பாத்தா. கம்பி துருப்புடிச்சிருந்துச்சு, அது கிடக்கட்டும், மாத்திக்கலாம்னா. அப்புறம் அந்தத் தடிச்ச அஞ்சாவது கம்பியை இறக்க வேண்டிய அளவுக்கு இறக்கி, தாடையை மரத்து மேல வச்சு ஒரு தட்டு தட்டினா. கண்ணை மூடிக்கிட்டா. எனக்கு ஒன்னும் பெருசாக் கேக்கல. அவளுக்குக் கேட்டுச்சு.

"அண்ணா, தொங்கல. நிக்குது. அப்படியே நிக்குது." அந்த முகத்தை அதுக்கு முன்னாடி நான் பாத்ததில்ல. டீச்சர் சொன்ன விலையும் அவ கைக்கு எட்டற விலை.

"கனம் பாத்தியா? தோள்பட்டை கழண்டுடும்"னான் மாப்பிள்ளை.

"நாள் பூரா நான் தூக்கறது கண்ணாடி அத்தான்."

கொண்டு வந்திருந்த சின்ன ஆம்புல ஒயரைச் சொருகி, சத்தத்தை ஏத்தினா. கம்பியைத் தட்டினா. ஒன்னும் வரல. எல்லாத் திருகையும் திருகினா. ஒயரை மாத்தினா. ம்ஹூம், பேச்சு மூச்சில்ல.

மூணு பேரும் என்னைப் பாத்தாங்க.

"மெக்கானிக்கா நீங்க? பாருங்களேன், என்னன்னு"னாங்க டீச்சர்.

என்னோடது பழைய முள்ளு மீட்டர். ஒயர் சொருகற ஓட்டையில ரெண்டு முனையையும் வச்சேன். முள் ஒரு துள்ளு துள்ளிச்சு, அப்படியே படுத்துடுச்சு. மாத்தி வச்சேன். மறுபடியும் ஒரு துள்ளு, மறுபடியும் படுக்கை.

இங்கதான் நான் பண்ண அயோக்கியத்தனம். அறுந்த காயில்னா முள் அசையவே அசையாது. துள்ளிட்டு விழுதுன்னா நடுவுல ஒரு கண்டன்ஸர் உக்காந்திருக்குன்னு அர்த்தம். ஃபேன் கண்டன்ஸரை இப்படித்தான் தினமும் பாக்கறேன். அப்படின்னா உள்ள காயில் மட்டும் இல்ல, வேற ஏதோ சர்க்யூட் இருக்கு, பின்னால மூடியைக் கழட்டிப் பாக்கணும். இதெல்லாம் அந்த நிமிஷமே மனசுல ஓடிச்சு. ஆனா கழட்டினா உள்ள இருக்கறது எனக்குப் புரியலன்னா? மூணு பேரு பாத்துக்கிட்டு இருக்காங்களே. அதுவும் அந்த மாப்பிள்ளை.

"காயில் போச்சு"ன்னேன்.

"நல்லாப் பாத்தீங்களாண்ணா?"

"முப்பது வருஷமா இதைத்தாம்மா பாக்கறேன்."

"நீங்களே திருப்பிக் கட்ட முடியாதா?"

"தலைமுடியை விட மெல்லிசுக் கம்பி. மேல கருப்பா ரெசின் ஊத்தி மூடியிருக்கான், உடைக்காம திறக்க முடியாது. விடும்மா, இது செத்த சாமான்."

மாப்பிள்ளை என் தோள் மேல கை வச்சான். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும். கிளம்பலாம்."

அவன் என்னை மதிச்சுப் பேசினது அதுதான் முதல் தடவை. எனக்குக் குளிர்ந்து போச்சு. தூ.

சின்னவ அந்த பேஸைப் போர்வையில சுத்தி, குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி சுவர் ஓரமா வச்சா. அடுத்த வாரம் பூரா வேலை முடிஞ்சு தனியா அலைஞ்சா. எங்கயோ ஒன்னு, மரமே வெடிச்சிருந்துச்சாம். இன்னொன்னு, இவ போறதுக்கு முன்னாடியே வித்துப் போச்சாம். தினமும் நனைஞ்சுக்கிட்டு வருவா. கடையைத் தாண்டறப்ப "இல்லண்ணா"ன்னு தலையை ஆட்டிட்டு ஏறுவா.

ரெண்டாவது ஞாயித்துக்கிழமை காலையில, ஒரு பம்பு மோட்டாருக்கு ஸ்லாட்டுல பேப்பர் வச்சுக்கிட்டு இருந்தேன். முடியைக் கொண்டை போட்ட ஒருத்தன், முதுகுல பையோட வாசல்ல வந்து நின்னான். மாப்பிள்ளையோட சித்தப்பா பையன். அவனும் லிஃப்ட் ரிப்பேர்தான்.

"அண்ணே, ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்னு இருக்குமா? போட்டிருக்கறது கடையில இருந்த பழைய ஸ்டாக். வாசிக்கிறப்ப நின்னுடுமோன்னு பயமா இருக்கு."

"எதுக்கு?"

"பேஸுக்கு"ன்னு பையைத் திறந்து வெளிய எடுத்தான். கருப்பு. அஞ்சு கம்பி. கம்பி மட்டும் புதுசு. கையில இருந்த பேப்பரைக் கீழ வச்சேன்.

அவன் பாட்டுக்குப் பின்னால திருப்பி, ரெண்டு ஸ்க்ரூ கழட்டி, மூடியை எடுத்தான். உள்ள ஒரு சின்ன சர்க்யூட், பக்கத்துல தீப்பெட்டி அளவுல ஒரு பேட்டரி. பையோட மூலையில இருந்து இன்னொரு பேட்டரியையும் எடுத்துக் காட்டினான். வெள்ளையாப் பூத்து, வாய் பிளந்து கிடந்துச்சு. "முதல்ல இருந்தது இது. ரெண்டு வருஷமா உள்ளயே கிடந்து நாறிப் போச்சு. நீங்கதான் இதுக்கு டெத் சர்டிபிகேட் குடுத்தீங்களாமே!" விழுந்து விழுந்து சிரிச்சான்.

"உனக்கு யாரு சொன்னது?"

"அண்ணன்தான். அன்னைக்குச் சாயங்காலமே போன் பண்ணான். 'ஆக்டிவ் பேஸ்டா, பேட்டரி இருந்தாத்தான் பேசும், அதுதான் போயிருக்கு, ஓடிப் போய்த் தூக்கிட்டு வந்துடு, செத்ததுன்னு நினைச்சு அந்தம்மா பாதி விலைக்குக் குடுக்கும்'னான். குடுத்துச்சு."

மாப்பிள்ளை பதினஞ்சு வருஷமா கிட்டார் வாசிக்கிறவன். டீச்சர் வீட்டுல என் பக்கத்துலயே நின்னான். என் வாயில இருந்து அந்தப் பொய் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு நின்னிருக்கான்.

பூத்துப் போன பேட்டரியை அவன் கையில இருந்து புடுங்கிக்கிட்டு மாடியேறினேன். பதினாலு வருஷத்துல முதல் தடவை. சுவர் பூரா முட்டை அட்டை ஒட்டின ரூம். ஈரத்துணி காயற கொடிக்குக் கீழ டிரம்ஸ். பெரியவ ஸ்டூல்ல உக்காந்திருந்தா, மாப்பிள்ளை கிட்டாரைத் துடைச்சுக்கிட்டு இருந்தான். சின்னவ தன் நாலு கம்பியை மடியில வச்சுக்கிட்டு, "இன்னும் ஒரே ஒரு வாரம் குடுங்க அத்தான்"னு கேட்டுக்கிட்டு இருந்தா. என் பின்னாலயே கொண்டைக்காரனும் வந்து நின்னான்.

"இங்க பாரும்மா"ன்னேன். "நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. காயில் போகல. உள்ள இந்தப் பேட்டரிதான் போயிருந்துச்சு. முள் துள்ளுச்சு, எனக்குச் சந்தேகமும் வந்துச்சு. சொல்லாம முழுங்கிட்டேன்."

அவ பேட்டரியைப் பாத்தா. கொண்டைக்காரன் தோள்ல தொங்கினதைப் பாத்தா.

"தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வலிச்சிருக்குமாண்ணா?"

மாப்பிள்ளை பக்கம் கையைக் காட்டினேன். "தப்பு என்னோடதுதான். ஆனா உங்க அத்தானுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இவனை அனுப்பியிருக்கான்."

"ஆமா, தெரியும். இப்ப என்ன? போலீஸைக் கூப்பிடப் போறீங்களா?" மாப்பிள்ளை துணியைக் கீழ கூட வைக்கல.

"பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்தீங்களா அத்தான்?"

"ஆளை மாத்தறதுன்னு எப்பவோ முடிவு பண்ணியாச்சு. நான் மட்டும் இல்ல. உங்க அக்காவைக் கேளு."

சின்னவ திரும்பினா. பெரியவ குச்சி ரெண்டையும் தொடை மேல வச்சுக்கிட்டு, தங்கச்சி முகத்தைப் பாக்காம சொன்னா: "உனக்குத் தாளத்துல டைம் நிக்கலடி. நீ பாட்டுக்கு முன்னாடி ஓடற. சொன்னா அழுவன்னுதான் சொல்லல. மேடையில மானம் போகும்."

நான் அப்பவே இறங்கியிருக்கணும். வாய் சும்மா இருக்கல.

"ஓடறது அவ இல்ல. நீதான் பின்னால விழற. மோட்டார் லோடு ஏறி ஒரு சுத்து குறைஞ்சாலும் என் காதுக்குத் தெரியும். நாலு வருஷமா உங்க சத்தத்துக்குக் கீழதான் உக்காந்திருக்கேன். அந்த ரெண்டாவது பாட்டுல வேகமான இடம் முடிஞ்சதும் உன் கால் சோர்ந்துடுது. ஒவ்வொரு தடவையும் உன் தங்கச்சிதான் அங்க உன்னைப் புடிச்சு இழுத்துக்கிட்டு வரா."

பெரியவ முகம் ஒரு நொடி வெளுத்துச்சு. அவளுக்கும் அது தெரியும்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது. அடுத்த நொடியே பழைய முகம் வந்துடுச்சு.

"யாரு சொல்றது பாரு! உயிரோட இருக்கற காயிலைச் செத்துப்போச்சுன்னு சொன்ன ஆளு எனக்குத் தாளம் சொல்ல வந்துட்டாரு."

மாப்பிள்ளை சிரிச்சான். கொண்டைக்காரன் வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சான். முப்பது வருஷத்துல என் காது சொன்ன ஒரே பெரிய உண்மை அது. அதைச் சொல்ற யோக்கியதையை ஒரு வாரம் முன்னாடிதான் தொலைச்சிருந்தேன்.

சின்னவ மட்டும் சிரிக்கல. நாலு கம்பியைப் பையில வச்சு ஜிப்பை இழுத்தா.

"அவர் சொல்றது நிஜம்க்கா. உனக்கே தெரியும். உன்னை விட்டுக்குடுக்கக் கூடாதுன்னுதான் நான் அத்தான்கிட்ட ஒரு நாளும் சொல்லல. திட்டு வாங்கினப்பகூட சொல்லல. நீயா என்னைக்காவது..."

பெரியவ ரெண்டு குச்சியையும் தலைக்கு மேல தூக்கி ஒன்னோட ஒன்னு தட்டினா. "ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு!"

பாட்டு ஆரம்பிச்சுடுச்சு. சின்னவ உதடு இன்னும் அசைஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு, ஒன்னும் கேக்கல. அப்புறம் நிறுத்திட்டா. பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு என்னைத் தாண்டி வெளிய போனா. நானும் பின்னாலயே இறங்கினேன்.

படி பாதியில நின்னுட்டா. அஞ்சாவது கம்பி சுவர் வழியா இறங்கி கைப்புடிக் கம்பியை அதிர வச்சுது. நல்ல சாமான். எவ்வளவு நல்ல சாமான்னு எங்க ரெண்டு பேருக்கும் அப்பதான் தெரிஞ்சுது. கையால கைப்புடியைப் புடிச்சுக்கிட்டு, தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டே நின்னா.

வேகமான இடம் முடிஞ்சுது. "இப்ப"ன்னா.

டிரம்ஸ் பின்னால விழுந்துச்சு. கொண்டைக்காரன் இழுத்துப் புடிக்கல. அவனும் கூடவே விழுந்தான், மாப்பிள்ளையும் விழுந்தான். மூணு பேரும் ஒன்னா விழுந்ததால அது தப்பாவே தெரியல. பாட்டே அப்படித்தான்ங்கற மாதிரி கனமா, மெதுவா உருண்டு போச்சு.

"மேடையில யாராவது கண்டுபிடிப்பாங்களாண்ணா?"

"மாட்டாங்கம்மா"ன்னேன். உண்மையைத்தான் சொன்னேன்.

தலையை ஆட்டிட்டு, பாக்கிப் படியையும் இறங்கி மழையில போயிட்டா.